முன்பக்கத்து இருப்பைக் கொண்டுவாருங்கள்

அவசரப் பிரிவுகளிலும் நுரையீரல் வார்டுகளிலும் பொறுப்பில் இருக்கும் மருத்துவர்களுக்கும், அந்த வார்டுகளின் நடைமுறையைத் தீர்மானிக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் 38 ஆண்டுகள் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஒன்பது ஆண்டுகளாக நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு இருக்கிறேன். உங்கள் காகிதங்களில் அதன் பெயர் சிஓபிடி. இளைப்பு கூடி, நான்கு முறை மருத்துவமனையில் படுத்திருக்கிறேன். இந்த மடலை எழுத வைத்தது நான்காவது முறை.

இரவு நேரம். தள்ளுப்படுக்கையில் உட்கார்ந்திருந்தேன், படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு கைகளையும் தொடை மேல் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் கனிவானவர். குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து, "இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா ஐயா?" என்று கேட்டார். பேச மூச்சில்லை. மூன்று விரல்களைக் காட்டினேன். "மூன்று நாளாகவா?" என்றார். தலையாட்டி மறுக்கவும் தெம்பில்லை. அவர் அப்படியே எழுதிக்கொண்டார். என்னுடைய மூன்று மருத்துவமனைச் சேர்க்கைகள் மூன்று நாள் இருமலாகப் பதிவாகிவிட்டன. பழைய டிஸ்சார்ஜ் காகிதங்கள் எல்லாம் ஒரு பையில் பத்திரமாக இருந்தன. பையை வைத்திருந்த என் மனைவி அப்போது பதிவு மேசையில் என் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை. நள்ளிரவில் அத்தனை பேரை ஒருவராகப் பார்க்கிறவருக்கு விரல்களின் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கையில் இருந்த படிவத்தின் மேல்தான் கோபம். சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருந்த அதில், "கடந்த ஓர் ஆண்டில் இந்த நோய் எத்தனை முறை கூடியது, எத்தனை முறை சேர்க்கப்பட்டார்" என்று கேட்கும் கட்டம் இல்லை. இருந்திருந்தால் யாராவது என் மனைவியைக் கூப்பிட்டிருப்பார்கள்.

கணக்கெழுத வருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: பக்கம் நிரம்பிப் புதுப் பக்கம் திருப்பினால், முன்பக்கத்து இருப்பை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அந்த வரி இல்லாத பக்கத்தை எத்தனை சுத்தமாகக் கூட்டினாலும் அடியில் வரும் தொகை பொய்த் தொகை. நீங்கள் எங்களை ஒவ்வொரு முறையும் வெறும் பக்கத்தில் தொடங்குகிறீர்கள். அன்றைய ஆக்ஸிஜன் அளவு, அன்றைய எக்ஸ்ரே, அன்றைய ரத்தப் பரிசோதனை எல்லாம் ஏறிவிடுகின்றன. முன்பக்கத்து இருப்பு மட்டும் ஏறுவதில்லை.

அது எவ்வளவு பெரிய விடுதல் என்பது, வீடு திரும்பிய பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. ஓய்வுபெற்றவனிடம் நேரம் உண்டு. மருத்துவ இதழ்களைத் தேடிக் கொடுக்கப் பேத்தி உண்டு. எக்லிப்ஸ் என்ற ஆய்வு 2,138 நோயாளிகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2010இல் முடிவைச் சொன்னது. யாருக்கு நோய் அடிக்கடி கூடும் என்று முன்கூட்டிச் சொல்வதில், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எண்ணைவிட, இதற்கு முன் எத்தனை முறை கூடியது என்ற எளிய தகவலே முந்தி நின்றது. ஊதல் எண்ணின்படி நடுத்தரக் கட்டத்தில் இருந்தவர்களிலேயே 22% பேருக்கு ஓராண்டில் இரண்டோ அதற்கு மேலோ தாக்குதல்கள். மிகக் கடுமையான கட்டத்தில் அது 47%. இதை நான் இப்படிப் படித்தேன்: எண்ணைப் பார்த்து "உங்களுக்கு இன்னும் பரவாயில்லை" என்று அனுப்பப்படுகிறவர்களில் ஐந்தில் ஒருவர் அடிக்கடி விழுகிற ஆள். எண் அவரைக் காட்டிக்கொடுக்காது. அவரையே கேட்டால் சொல்லிவிடுவார்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், இந்த நோய்க்காக முதல்முறை மருத்துவமனையில் சேர்ந்த 73,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைக் கூட்டிப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. முதல் சேர்க்கைக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி, நடுமதிப்பாக, 5 ஆண்டுகளுக்கு மேல். ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் இடையே 4 மாதம்கூட இல்லை. முதல் சேர்க்கைக்குப் பின் இருந்ததோடு ஒப்பிட்டால், இரண்டாவது சேர்க்கைக்குப் பின் அடுத்தது வரும் அபாயம் 3 மடங்கு; பத்தாவதுக்குப் பின் 24 மடங்கு. படித்துவிட்டு என் பையைத் திறந்து தேதிகளை எழுதினேன். 31 மாதம், 14 மாதம், 5 மாதம். இதற்குக் கால்குலேட்டர் வேண்டியதில்லை.

கணக்கன் என்பதால் என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது முறை வருகிறவர் தொடக்கத்திலேயே மோசமான நோயோடு வந்தவராக இருக்கலாம். ஆகவே இடைவெளி சுருங்குவதை முழுக்கவும் ஒரே உடம்பில் நடந்த சரிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் வாசலில் மூச்சு வாங்க நிற்கும் ஆளை எடைபோட அந்த வேறுபாடு தேவைப்படாது. எந்த விளக்கத்தை எடுத்தாலும், அதிகம் வந்தவர் அதிகம் வரப்போகிறார்.

தாக்குதல் என்று நான் எழுதுவது எதை என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எங்களுக்குத் தினமும் இளைப்பு உண்டு, தினமும் சளி உண்டு. தினசரி அளவைத் தாண்டி மூச்சுத்திணறல் கூடுவது, சளி அதிகமாவது, வெள்ளைச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது: இந்த மூன்றையும் 1987இலிருந்தே மருத்துவ உலகம் அடையாளமாக வைத்திருக்கிறது. தாண்டியதா இல்லையா என்பதை அறிய முதலில் அந்த ஆளின் தினசரி அளவு தெரிய வேண்டும். என்னுடைய சாதாரண நாளில் ஆக்ஸிஜன் 91 இருக்கும். உங்கள் அவசரப் பிரிவில் அதைப் பார்த்துப் பதறுகிறார்கள். நான் உண்மையில் மோசமாக இருந்த நாளில் 90ஐப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்தானே குறைவு" என்கிறார்கள். ஒரே கருவி, இரண்டு விதமாகத் தவறான செய்தி.

இனி, மறைந்து கிடக்கும் கணக்கு. லண்டனில் நோயாளிகளிடம் தினக்குறிப்பு எழுதக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், நடந்த தாக்குதல்களில் ஏறத்தாழ பாதிதான் மருத்துவர் காதுக்குப் போயிருந்தது. மீதிப் பாதியை நோயாளிகள் வீட்டிலேயே விழுங்கிவிட்டார்கள். அதே ஆய்வாளர்கள் 2004இல் சொன்னது இன்னும் முக்கியமானது: தாக்குதல் தொடங்கிச் சிகிச்சை எத்தனை சீக்கிரம் கிடைக்கிறதோ அத்தனை சீக்கிரம் ஆள் தேறுகிறார், தாக்குதல்களைச் சொல்லாமல் விடுகிறவர்களே அதிகமாக மருத்துவமனையில் போய்ச் சேர்கிறார்கள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், காரணங்களை வரிசையாகத் தருவேன், எதுவும் பெருமைப்படத்தக்கதன்று. முப்பது ஆண்டுகள் புகைபிடித்தவன் நான். இந்த நோய் வருகிற எல்லாரும் புகைத்தவர்கள் அல்லர். அடுப்புப் புகையும் தொழிற்சாலைத் தூசும் பிறவிக் குறையும் கொண்டுவந்த நோயாளிகள் எத்தனையோ பேர். ஆனால் நான் புகைத்தவன். ஒவ்வொரு முறை சளி நிறம் மாறும்போதும், மருத்துவர் முன் போய் உட்கார்ந்தால் முதல் கேள்வி "எப்போது விட்டீர்கள்?" என்பதாகவே இருக்கும் என்று தெரியும். விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்று சொல்லும்போதே குற்றவாளிக் கூண்டில் நிற்கிற உணர்வு. அடுத்தது பயம்: சொன்னால் படுக்கையில் போட்டுவிடுவார்கள். அதற்கும் அடுத்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சோம்பல். உடை மாற்றி வெளியே கிளம்புவதே எனக்கு ஒரு மலை. இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று நெபுலைசரைக் கூட்டிக் கூட்டி வைத்துக்கொள்வேன். இரண்டாவது, நான்காவது சேர்க்கைகள் இரண்டும் அப்படிப் பொறுத்துப் பார்த்ததன் விளைவு.

ஆகவே "எத்தனை முறை சேர்ந்தீர்கள்" என்று மட்டும் கேட்டால் போதாது. "கடந்த ஆண்டில் எத்தனை முறை ஸ்டீராய்டு மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ தனியாகச் சாப்பிட வேண்டியிருந்தது? எத்தனை முறை சாப்பிடாமல் பொறுத்துக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது முகத்தைச் சற்று மென்மையாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்.

அவசரப் பிரிவில் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு எளிதானது என்று நான் நினைக்கவில்லை. உள்ளே எடுப்பதா, மருந்து கொடுத்து அனுப்புவதா. மூச்சு எண்ணிக்கை, நெஞ்சுத் துடிப்பு, குழப்பமான பேச்சு, தமனி ரத்தத்தில் கரியமில வாயு ஏறி ரத்தம் அமிலமாகியிருக்கிறதா, எக்ஸ்ரேயில் நிமோனியா உண்டா, இதயம் தடுமாறுகிறதா, வீட்டில் கூட ஆள் உண்டா, இத்தனையும் பார்க்கிறீர்கள். டிகாஃப் என்ற மதிப்பெண் முறை இருக்கிறது: நோய் கூடுவதற்கு முன்பே இருந்த மூச்சுத்திணறல், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குறைவது, எக்ஸ்ரேயில் நிமோனியாவின் அடையாளம், ரத்தத்தில் அமிலம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு என ஐந்தைக் கூட்டிப் பார்ப்பது. மதிப்பெண் 0 அல்லது 1 வந்தவர்களை வீட்டிலேயே வைத்து, செவிலியர் போய்ப் பார்த்துச் சிகிச்சை தரலாம் என்று 118 பேரிடம் சோதித்தும் காட்டியிருக்கிறார்கள். நல்ல முறை. படுக்கையை வெறுப்பவன் நான், வரவேற்கிறேன்.

ஆனால் அந்த மதிப்பெண் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். இந்தச் சேர்க்கையில் இந்த ஆள் இறப்பாரா என்பதற்காகச் செய்யப்பட்ட கணக்கு அது. திரும்பி வருவாரா என்ற கேள்விக்கு அதனிடம் நேரான விடை கிடையாது. அதற்கென்று வேறு ஒரு கணக்கு இருக்கிறது, பெர்ல் என்பார்கள்: முந்தைய சேர்க்கைகள், தினசரி மூச்சுத்திணறலின் அளவு, வயது, இதயத்தின் வலப்பக்கச் செயலிழப்பு, இடப்பக்கச் செயலிழப்பு. முதல் வரியே முந்தைய சேர்க்கைகள்! முன்பக்கத்து இருப்பு! அந்த வரியைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னைப் போல யாரோ ஒரு கணக்கன் மருத்துவத்துக்குள் இருந்திருக்கிறான். இறப்புக்கான மதிப்பெண் குறைவாக வந்தது என்பதற்காக, ஆறு மாதத்தில் இரண்டு முறை வந்த ஒருவரை "குறைந்த அபாயம்" என்று எழுதி, அடுத்த சந்திப்புத் தேதிகூடப் போடாமல் அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர். பதினோராம் நாள் திரும்பி வந்தார்.

ஆக்ஸிஜன் பற்றி ஒரு வார்த்தை, இந்த மடலுக்குச் சற்று விலகியதுதான் என்றாலும். டாஸ்மேனியாவில் 405 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே ஆக்ஸிஜனை 88 முதல் 92% வரை என்று அளந்து கொடுத்தபோது, இந்த நோய் உறுதியானவர்களிடம் மரண அபாயம் 78% குறைந்தது. தாராளமாகத் திறந்துவிட்டால் எங்களில் பலருக்குக் கரியமில வாயு ஏறிவிடும். இதை ஒவ்வொரு முறையும் என் மனைவி சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்க வருகிற உறவினர்கள் பாசத்தால் குமிழைத் திருகுவதைத் தடுப்பதும் அவர் வேலைதான்.

எங்களை அனுப்பும் நாளுக்கு வருகிறேன். என் கோபத்தில் பெரும்பகுதி அந்த நாளின் மேல்தான்.

உங்களுக்கு அது முடியும் நாள். படுக்கை காலியாகிறது, கோப்பு மூடப்படுகிறது. எங்களுக்கு அபாயம் உச்சத்தில் இருக்கும் காலம் அன்றைக்குத் தொடங்குகிறது. ஒரு தாக்குதல் முடிந்து 8 வாரங்களுக்குள் இன்னொன்று வருவது தற்செயலைவிட அதிகம் என்று 2009இல் காட்டியிருக்கிறார்கள். முதல் தாக்குதல்களில் 27% அப்படி இரட்டையாக வந்தவை. ஊதல் வேகத்தைத் தினமும் அளந்தவர்களில், தாக்குதல் தொடங்கி 35 நாள் கழித்தும் நான்கில் ஒரு பங்கு தாக்குதல்களில் அது பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தால், இந்த நோய்க்காகச் சேர்ந்து வெளியேறியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் 30 நாளுக்குள் மறுபடி உள்ளே வந்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் "குணமடைந்தார்" என்று எழுதும்போது பாதி வழியில்கூட இல்லை நாங்கள். வீக்கம் அடங்காத மூச்சுக்குழாய், ஒரு வாரம் படுத்ததில் வற்றிப்போன தொடைச் சதை, மாடிப்படியைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும் பயம், இவற்றோடு வீட்டுக்குப் போகிறோம். பயத்தால் நடப்பதில்லை, நடக்காததால் சதை இன்னும் வற்றுகிறது, சதை வற்றியவனுக்கு அடுத்த சளிக்காய்ச்சலே மருத்துவமனை வழியைக் காட்டிவிடும்.

டிஸ்சார்ஜ் நாளில் எனக்கு இதுவரை கிடைத்தது: மருந்துச் சீட்டு, "குளிரில் போகாதீர்கள்" என்ற அறிவுரை, கையெழுத்துப் போட ஒரு தாள். இன்ஹேலரை எப்படி இழுக்கிறேன் என்று மூன்று சேர்க்கைகளில் ஒருவரும் பார்க்கவில்லை. நான்காவதில் ஒரு செவிலியர், பணி முடிந்து கிளம்பும் நேரத்தில், "ஒருமுறை எனக்குச் செய்து காட்டுங்கள்" என்றார். காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். என்னுடையது பொடியாக வரும் இன்ஹேலர். வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும். நான் அதற்குமுன் வைத்திருந்த அழுத்தும் வகைக்குச் செய்வதைப் போல மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன். போதாததற்கு, இழுக்கும் முன் அதற்குள்ளேயே ஊதிப் பொடியை ஈரமாக்கியும் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக! மருந்துக்குப் பலனில்லை என்று ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவைக் கூட்டினீர்கள். மருந்து நுரையீரலை எட்டிப் பார்க்கவே இல்லை. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சரியாக இழுக்கிறவர்கள் 31% பேர்தான் என்றும், அந்த நாற்பது ஆண்டுகளில் இதில் முன்னேற்றமே இல்லை என்றும் சொல்கிறது. அந்தச் செவிலியர் என்னோடு செலவிட்டது ஏழெட்டு நிமிடம்.

மூச்சுப் பயிற்சியும் நடையும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சையைப் பற்றி இன்னும் வருத்தம் உண்டு. அமெரிக்காவில் 2014இல் இந்த நோய்க்காகச் சேர்ந்து வெளியேறிய 1,97,376 முதியவர்களின் பதிவுகளில், 90 நாளுக்குள் அதைத் தொடங்கியவர்கள் 1.5% பேர். நூற்றுக்கு ஒன்றரை! அவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3%; மற்றவர்களில் 19.6%. பயிற்சிக்கு நடந்து போக முடிந்தவர்கள் முன்பே திடமானவர்களாக இருந்திருப்பார்கள், ஆகவே வித்தியாசம் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் வரவு வைக்க மாட்டேன். ஆனால் லண்டனில் 60 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்துச் செய்த சிறிய ஆய்விலும், வீடு திரும்பிய கையோடு பயிற்சிக்குப் போனவர்களில் 3 மாதத்துக்குள் மறுபடி சேர்ந்தவர்கள் 7%, போகாதவர்களில் 33%.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வார்டில் படுத்திருக்கும்போதே முதல் ஒன்றிரண்டு நாளில் பயிற்சியைத் தொடங்கிப் பார்த்த 389 பேர் கொண்ட பிரிட்டன் ஆய்வில், 2014இல், திரும்பி வருவது குறையவில்லை. ஓராண்டு இறப்போ பயிற்சி பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது. எனவே ஆர்வக் கோளாறில் மூச்சு வாங்கும் ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்பிப் பயிற்சி தர வேண்டாம். வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஓரிரு வாரங்களில், கூப்பிடுங்கள். அதுதான் நடப்பதில்லை, அனுப்பிய பிறகு நாங்கள் யார் பொறுப்பிலும் இல்லை.

அப்படிக் கூப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரியமில வாயு ஏறி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பைபேப் முகமூடி போடப்பட்டவர்களில் சிலருக்கு, ஆபத்துக் கட்டம் தாண்டிய பிறகும் அந்த வாயு இறங்காமலே நிற்கும். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் அது யாருக்கு என்று தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே பைபேப் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. மறுசேர்க்கையோ மரணமோ நேரும் வரையான காலம், ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களுக்கு 1.4 மாதம், பைபேப்பும் பெற்றவர்களுக்கு 4.3 மாதம். மறுபடி ரத்தம் எடுக்கத் தேதி குறிக்காத மருத்துவமனை இந்த ஆட்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதயத்தையும் மனத்தையும் பற்றி நீட்டி எழுதவில்லை. தாக்குதலை ஒட்டிய நாட்களில் மாரடைப்பு அபாயம் ஏறுகிறது என்பதையும், சோர்விலும் பதற்றத்திலும் இருக்கிறவர் சீக்கிரம் திரும்பி வருகிறார் என்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். தடுப்பூசிகளும் அப்படித்தான். 2020இல் கொரோனாவுக்காக உலகம் கதவைச் சாத்திக்கொண்டபோது, எங்கள் நோய்க்கான மருத்துவமனைச் சேர்க்கைகள் பல நாடுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. எங்களை வீழ்த்துவதில் சாதாரணச் சளிக்காய்ச்சல் கிருமிகளுக்கு எத்தனை பங்கு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை, கூட்டமான இடத்தில் இன்றும் முகக்கவசம் போடுகிறேன். ஒருவரும் இப்போது விநோதமாகப் பார்ப்பதில்லை.

நிர்வாகிகளுக்குத் தனியாக இரண்டு விஷயம்.

ஒன்று: பொறுப்பை எங்கள் தலையிலேயே கட்டிவிட்டுக் கைகழுவ ஒரு வழி இருக்கிறது. "சுயபராமரிப்புத் திட்டம்" என்று ஒரு தாளும், வீட்டில் வைத்துக்கொள்ள ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது. கேட்கச் சரியாகவே இருக்கிறது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் இதை விரிவான பாடங்களோடு சோதித்தார்கள், பிரெத் என்று ஆய்வின் பெயர். 426 பேர் சேர்ந்த நிலையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பாடம் பெற்ற பிரிவில் 28 மரணங்கள், மற்றதில் 10. காரணம் என்ன என்பது விளங்கவில்லை என்று 2012இல் எழுதிய ஆய்வாளர்களின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வேறு ஆய்வுகளில் இப்படிப்பட்ட திட்டங்கள் பலன் தந்தும் இருக்கின்றன. தாளை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை நான். அந்தத் தாளின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும், அடித்தால் எடுக்கிற ஆள் என் முன்பக்கத்து இருப்பைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாத்திரையைத் தொடங்கலாமா, நேரே வந்துவிடலாமா என்று அந்த இரவில் முடிவெடுப்பது ஆக்ஸிஜன் குறைந்த ஒரு மூளை என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு: திரும்பி வருவதை எண்ணச் சொல்கிறேன், தண்டிக்கச் சொல்லவில்லை. 30 நாளுக்குள் நோயாளி திரும்பி வந்தால் மருத்துவமனைக்குப் பணத்தைக் குறைக்கும் முறையில் அமெரிக்கா எங்கள் நோயை 2014 அக்டோபரில் சேர்த்தது. கணக்கு மேசையில் உட்கார்ந்தவனுக்கு, அபராதம் போட்ட எண் என்ன ஆகும் என்று தெரியும். எண் குறையும், விஷயம் குறைந்ததா என்பது வேறு கேள்வி. 29ஆம் நாள் மூச்சுத்திணறி வருகிறவர் 31ஆம் நாள் வருகிறவரைவிட வேண்டாத விருந்தாளியாகிவிடக் கூடாது. சேர்க்கை எப்போதும் தோல்வியன்று. கரியமில வாயு ஏறி ரத்தம் அமிலமானவர்களுக்கு, சாதாரண வார்டிலேயே முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளிச் சிகிச்சை தந்தபோது, மருத்துவமனையில் இறப்பது 20%இலிருந்து 10% ஆகப் பாதியானது என்று 2000ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது முறை நான் பிழைத்தது அப்படித்தான். அன்று யாராவது புள்ளிவிவரத்தைக் காப்பாற்ற என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

நான் கேட்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். அவசரப் பிரிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: கடந்த 12 மாதத்தில் தாக்குதல்கள் எத்தனை, சேர்க்கைகள் எத்தனை. அந்த எண்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தின் முதல் வரியில், நோயின் பெயருக்கு முன்னால். சேர்க்கை எண் ஒன்றோ அதற்கு மேலோ என்றால், ஊதல் எண் எதைச் சொன்னாலும், இரண்டு வாரத்துக்குள் ஒரு சந்திப்பு. அனுப்பும் முன் யாராவது ஒருவர் இன்ஹேலரை இழுக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடுவது. 8 வாரம் வரை எங்கள் கோப்பை மூடாமல் வைப்பது. இதற்கு எந்தப் புதுக் கருவியும் வாங்க வேண்டாம்.

நான்காவது முறை வீடு வந்து இன்றோடு 52 நாள். தினமும் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன்; முதல் நாள் 40 தப்படி, நேற்று 610. நானே என் படிவத்தைத் தயாரித்துவிட்டேன். அஞ்சலட்டை அளவுக் காகிதம், கொட்டை எழுத்தில்: சேர்க்கைகள் 4, இடைவெளி 31, 14, 5 மாதம், வீட்டில் பொறுத்துக்கொண்ட தாக்குதல்கள், நினைவிருக்கிறவரை, 6, சாதாரண நாளில் ஆக்ஸிஜன் 91, ஆக்ஸிஜன் கொடுத்தால் 92ஐத் தாண்ட வேண்டாம், பைபேப் ஒருமுறை. பை மனைவியிடமே இருக்கட்டும். இந்தக் காகிதம் என் சட்டைப்பையில், இடப்பக்கம் இருக்கும். நான் மூன்று விரலையோ நான்கு விரலையோ காட்டினால் தயவுசெய்து அங்கே பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்